பத்தாயம் சொல்லும் அலமாரிக் கணக்கு

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ இன்று புதுவீடு கட்டுகிறவர்களின் செலவுப் பட்டியலில் உள்வேலை ஒரு பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. படுக்கையறைக்குச் சுவரளவு வார்ட்ரோப், சமையலறைக்கு மாடுலர் கிச்சன், மாடிப்படியின் அடியில் ஒரு கப்போர்டு, கூரையை ஒட்டி வரிசையாக லாஃப்ட். இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் தொடங்குகிறது: எந்த பிளைவுட், எந்த நிற லேமினேட்? உள்ளே என்ன வைக்கப்போகிறோம், அதன் எடை என்ன, ஆனி ஆடி மழையில் அந்த மூலையில் எவ்வளவு ஈரம் தங்கும், அன்றாடம் அதைத் திறப்பவரின் கை எவ்வளவு உயரம் எட்டும் என்ற கேள்விகள் கடைசியில் வருகின்றன. பல வீடுகளில் வருவதே இல்லை. இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும். வைக்கப்போகும் பொருளையும் ஊரின் காற்றையும் முதலில் கணக்கிட்டு, மரத்தையும் நிறத்தையும் அதன்பிறகு தேர்ந்தெடுத்தால்தான் சுவரோடு சேர்ந்த அலமாரி நிலைத்து உழைக்கும். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாஞ்சில்நாட்டின் பழைய வீடுகளில் அந்தக் கணக்கு மரத்திலேயே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

குமரி மாவட்டத்து நாஞ்சில்நாடு நெல்லால் வாழ்ந்த பூமி. பழையாற்றுப் பாசனமும், 1906-இல் பயன்பாட்டுக்கு வந்த பேச்சிப்பாறை அணையும் கன்னிப்பூ, கும்பப்பூ என ஆண்டுக்கு இரண்டு போகத்தைத் தாங்கின. கன்னிப்பூ நெல் ஆவணி, புரட்டாசியில் களத்துக்கு வரும். கும்பப்பூ மாசி, பங்குனியில் வரும். தென்மேற்குப் பருவமழை இங்கே நன்றாகவே பெய்யும். வடகிழக்குப் பருவமழையும் தவறாது. ஆகவே கன்னிப்பூ நெல்லைக் காயவைத்து வீட்டுக்குள் கொண்டுவந்த சில வாரங்களிலேயே ஐப்பசி மழை தொடங்கிவிடும். நெல்லின் ஈரப்பதம் ஏறத்தாழ 14 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கூன்வண்டும் அந்துப்பூச்சியும் பெருகும். எலி வேறு, களவு வேறு. எடையும் சாதாரணமானதல்ல: ஒரு கன மீட்டர் நெல் 550 முதல் 600 கிலோ வரை இருக்கும். இத்தனை சிக்கலையும் ஒருசேரத் தீர்க்க வேண்டிய கட்டாயத்திலிருந்து பிறந்தவைதான் பத்தாயமும் அறைப்புரையும்.

பத்தாயம் என்பது கால்கள்மேல் நிற்கும் பெரிய மரப்பெட்டி. தரையின் ஈரம் அதன் அடிப்பலகையைத் தொடாது. அடியில் காற்று ஓடும். கரையான் ஏறினால் காலிலேயே கண்ணில் பட்டுவிடும். அதன் மேல்மூடி சமதளமாகவும் உறுதியாகவும் இருப்பதால் வீட்டிலுள்ளவர்கள் அதன்மேல் படுத்துறங்கினார்கள். இன்று விளம்பரங்களில் புதுமையாகக் காட்டப்படும் சேமிப்புக் கட்டிலின் கருத்து இதுவே. அறைப்புரை அதைவிடப் பெரிய ஏற்பாடு: வீட்டின் நடுவில், பலகைச் சுவரும் பலகைத் தளமும் பலகை மச்சும் கொண்டு, கட்டும்போதே வீட்டின் அங்கமாக அமைக்கப்பட்ட நெல்லறை. பல வீடுகளில் அதன் கீழே நிலவறை இருக்கும். மழை அறையும் வெளிச்சுவரோடு அதற்குத் தொடர்பில்லை. சுற்றிலும் உள்ள அறைகளும் திண்ணைகளும் வெயிலையும் சாரலையும் முன்னதாகவே வாங்கிக்கொள்கின்றன. முன்புறத்தில் நிலைக்கால்களின் காடிகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும் நிரைப்பலகைகள் இருக்கும். நெல்மட்டம் குறையக் குறைய மேலிருந்து ஒவ்வொரு பலகையாகக் கழற்றிக்கொள்ளலாம். கொள்ளளவோடு சேர்ந்து வாசலின் உயரமும் மாறுகிறது. உள்ளே இருக்கும் பொருளின் நடத்தையைக் கவனித்தவர்கள் செய்த வடிவமைப்பு இது.

இந்தப் பலகைகளை ஏன் ஆணியடித்து இறுக்காமல் காடிக்குள் நிறுத்தினார்கள் என்பதை விளங்கிக்கொள்ள மரத்தின் இயல்பைப் பார்க்க வேண்டும். அறுத்துப் பதப்படுத்திய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கையில் மரம் ஏறத்தாழ 12 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். அடைமழை நாட்களில் காற்றின் ஈரப்பதம் 85, 90 என்று ஏறி நீடித்தால் மரத்தின் ஈரம் 18 சதவீதத்தையும் தாண்டக்கூடும். அப்போது மரம் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று தேக்கு. அதில்கூட, ஒரு அடி அகலமுள்ள பலகை, அறுத்த விதத்தைப் பொறுத்து, 6 சதவீத ஈர மாற்றத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை விரியும். நான்கு பலகைகளை இடைவெளியின்றி ஒட்டி, ஓரங்களில் ஆணியடித்துவிட்டால், விரிய இடமில்லாத பலகை வளையும். கோடையில் சுருங்க இடமில்லாத பலகை வெடிக்கும். ஆசாரிகள் கண்ட தீர்வு சட்டமும் பலகையும் என்ற அமைப்பு. சட்டங்களின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, எதிர்க்கட்டையின் துளையில் இறக்கி உறுதியாகப் பூட்டுவார்கள். நடுவிலுள்ள அகலப் பலகையோ சட்டத்தின் காடிக்குள் பசையின்றிச் சும்மா நிற்கும். மழையில் அது காடிக்குள்ளேயே விரியும், வெயிலில் காடிக்குள்ளேயே சுருங்கும். கதவின் வெளியளவு மாறாது. ஐரோப்பிய மரவேலையும் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தது, ஏனெனில் மரம் எங்கும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டது.

மரத் தேர்விலும் இதே கவனம் தெரிகிறது. தேக்கின் வைரத்தில் உள்ள எண்ணெய்ப் பொருட்கள் கரையானை விலக்குகின்றன. அயினியும் பலாவும் இந்த மாவட்டத்தின் தோட்டங்களிலேயே வளர்ந்தவை. இரண்டின் வைரமும் நீடித்து உழைக்கும். எந்த மரமானாலும் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து மிகுதி. துளைப்பூச்சி முதலில் அங்கேதான் இறங்கும். ஆகவே மரத்தின் பெயரைவிட வைரமா வெள்ளையா என்பதுதான் முக்கியமான கேள்வி. தேக்கு என்ற பெயரை நம்பி வெள்ளைப் பகுதியை விலைகொடுத்து வாங்குபவருக்குத் தேக்கின் ஆயுள் கிடைக்காது.

இவை எல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்பதைப் பார்க்கத் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை போதும். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் விரிந்து வளர்ந்த அந்த மர அரண்மனை, இரண்டு பருவமழைகளின் நடுவே நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. உப்பரிகை மாளிகை நான்கு நிலைகளைக் கொண்டது. கீழ்நிலையில் கருவூலம், அதன்மேல் மன்னரின் பள்ளியறை. மிக மதிப்புள்ளதும் மிகக் கனமானதும் தரைமட்டத்தில், அதற்கு நேர்மேலே காவலாக உரிமையாளர் என்ற ஏற்பாடு அது. மந்திரசாலையின் சாய்ந்த மரச்சட்டங்கள் சாரலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. திண்ணைகளையும் சாய்விருக்கைகளையும் பின்னால் வாங்கி வைக்கவில்லை. கட்டடத்தின் கூட்டிலேயே அவை சேர்ந்திருக்கின்றன. கதவு மூடியிருந்தாலும் காற்று நகர வேண்டும் என்பதே அந்தக் கட்டடம் முழுவதையும் ஆளும் விதி. மரம் ஈரத்தால் மட்டும் அழிவதில்லை. காய வாய்ப்பில்லாத ஈரத்தால்தான் அழிகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அரண்மனையும் அறைப்புரையும் நிலமும் அதிகாரமும் உள்ளவர்களுடையவை. நெல்லை விளைவித்த கைகளுக்கு அறைப்புரை இருந்ததில்லை. கூட்டுக்குடும்பத்தில் அதன் சாவியும் குடும்பத் தலைவரான காரணவரின் இடுப்பிலேயே இருந்தது. இது உண்மை. சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி முறையின் வழக்குகளும் வருத்தங்களும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு நூலே எழுதுமளவுக்குப் பெருகியிருந்தன. 1926-இல் திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டத்துக்குப் பிறகு குடும்பங்கள் பாகம் பிரிந்து, பெரிய வீடுகளின் தேவையும் குறைந்தது. அந்த வாழ்க்கை திரும்ப வேண்டுமென்று யாரும் வாதிடத் தேவையில்லை. ஆனால் சிறு வீடுகளும் இதே கணக்கைத்தான் வேறு அளவில் போட்டன. குதிர் என்ற மண் தானியக்கூட்டை மேடைமேல் நிறுத்தி, மேல்வாயால் தானியத்தைக் கொட்டி, அடித்துளையால் எடுத்தார்கள். பழைய தானியம் முதலில் வெளியேற அதுவே வழி. மோரும் நெய்யும் எறும்பும் பூனையும் எட்டாத உறியில் தொங்கின. விறகும் விதையும் அடுப்புப் புகை படும் பரணில் ஏறின; புகை அவற்றை உலரவைத்துப் பூச்சியையும் விரட்டியது. செல்வம் பெட்டியின் அளவைத் தீர்மானித்தது. பொருளுக்கேற்ற இடம் என்ற அறிவு எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்தது.

இந்த அறிவு பழமைக்கு மட்டும் உரியதும் அல்ல. நவீன மாடுலர் கிச்சனின் முன்னோடி என்று உலகம் ஒப்புக்கொள்ளும் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926-இல் வடிவமைத்தவர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். ஜெர்மனியின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட சிறு இடத்தில், சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்பதை அளந்து அவர் அதை அமைத்தார். அரிசி, சர்க்கரை, பருப்பு வகைகளுக்கு நேராகச் சாய்த்துக் கொட்டக்கூடிய மூக்குள்ள அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி. அந்த மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து மாவுப் புழுவை அண்டவிடாது என்பதற்காக. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. பொருளைப் பார்த்துப் பெட்டியைத் தீர்மானித்த விதத்தில் அவரும் நாஞ்சில்நாட்டு ஆசாரியும் ஒரே பள்ளிக்காரர்கள். பின்னர் உலகமெங்கும் பரவிய மாடுலர் கிச்சன் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது. அளந்து தொடங்கும் அந்தப் பழக்கத்தைப் பல இடங்களில் விட்டுவிட்டது.

அடுத்த மறுப்பு விலை. தேக்கும் அயினியும் இன்று நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. பிளைவுட்தான் நடைமுறை என்பார்கள். அதுவும் சரியே, பிளைவுட்டைக் குறைந்த பொருளாக நினைக்கவும் வேண்டியதில்லை. மெல்லிய மரத்தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டுவதால், ஒரு தாள் விரிய முயலும்போது அடுத்த தாள் அதைப் பிடித்து நிறுத்துகிறது. காடியில் பலகையை மிதக்கவிட்டு ஆசாரி தீர்த்த சிக்கலை, பிளைவுட் தன் உடம்புக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறது. ஆனால் அது எவ்வளவு காலம் நிற்கும் என்பது பசையைப் பொறுத்தது. ஐ.எஸ். 303 தரத்தில் வரும் எம்.ஆர். வகை ஓரளவு ஈரத்தை மட்டும் தாங்கும், பி.டபிள்யூ.ஆர். வகை அதைவிட மேல்; ஐ.எஸ். 710 தரத்து மரைன் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டும் ஒட்டு விடாமல் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இரண்டு மழைக்காலமுள்ள ஊரில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பகுதிக்கும், குளியலறையை ஒட்டிய சுவருக்கும், மேற்குச் சுவருக்கும் உயர்ந்த தரமே ஏற்றது. கூடத்தின் உட்சுவருக்கு அது அவசியமில்லை. வீடு முழுக்க ஒரே தரம் வாங்குவது, ஒன்று வீண்செலவு, அல்லது ஆபத்தான சிக்கனம். பார்ட்டிகிள் போர்டு மரத்துகளைப் பசையால் அழுத்திச் செய்த பலகை. காய்ந்த இடத்தில் அது நன்றாகவே உழைக்கும். ஓரத்தில் நீர் புகுந்தால் உப்பி உதிரும், உப்பியது பழைய வடிவுக்குத் திரும்பாது. எனவே எந்தப் பலகையானாலும் வெட்டுமுனைகளை, கண்ணுக்குத் தெரியாத பின்முனை உட்பட, அடைத்துப் பூச வேண்டும். அழகுக்காக முன்முனையில் மட்டும் பட்டை ஒட்டும் வழக்கம் இந்த ஊரின் காற்றுக்குப் பொருந்தாது.

மலிவான மரம் வேண்டுமென்றால் மாவட்டமே ஒரு விடை வைத்திருக்கிறது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு 1984-இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் எண்ணற்ற தனியார் தோட்டங்களும் இங்கே உள்ளன. ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால்வளம் குன்றி வெட்டப்படும். ஒரு காலத்தில் விறகுக்கும் பெட்டிப்பலகைக்கும் மட்டுமே போனது அது. மாவுச்சத்து நிறைந்திருப்பதால் வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பாரிக்கும், துளைப்பூச்சியும் ஏறும். வெட்டிய உடனே அறுத்து, அழுத்தக் கலனில் போரான் உப்புக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அதே மரம் நல்ல தளவாட மரமாகிறது. சிறு துண்டுகளை விரல்கோத்தாற்போல் பல்வெட்டி இணைத்து அகலப் பலகையாகவும் செய்கிறார்கள். எப்படியும் வெட்டப்படும் தோட்ட மரம் என்பதால் காடும் அழியாது. ஆனால் பதப்படுத்தியதா, சூளையில் உலர்த்தியதா என்று கேட்டு வாங்கினால்தான் இந்த நன்மை. பச்சையாக அறுத்து விற்ற ரப்பர் பலகையில் செய்த அலமாரியைப் பூச்சி துளைத்துவிடும்.

பொருளும் காற்றும் முடிந்தபின் அளவு. இங்கேதான் பெரும்பாலான பணம் வீணாகிறது. சட்டையைத் தாங்கியில் தொங்கவிட 55 முதல் 60 செ.மீ. ஆழம் வேண்டும், அதனால் வார்ட்ரோப் முழுவதும் அந்த ஆழத்தில் செய்யப்படுகிறது. நம் வீடுகளின் துணியில் பெரும்பங்கு மடித்து வைக்கும் சேலையும் வேட்டியும் சாரமும் துண்டும்தான். அவற்றுக்கு 35 முதல் 40 செ.மீ. போதும். ஆழம் மிகுந்தால் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை ஒளிந்துகொள்ளும். பின்வரிசையில் இருப்பது மறக்கப்படும். மறக்கப்பட்ட துணியில்தான் பூஞ்சை பிடிக்கும். அடுத்தது தொய்வு. ஒரே தடிப்புள்ள தட்டில், அடிக்கு இத்தனை கிலோ என்று சீராக எடை ஏற்றினால், தாங்கலுக்கு இடைப்பட்ட நீளம் இரு மடங்காகும்போது தொய்வு 16 மடங்காகும். தடிப்பு இரு மடங்கானால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். வெண்கல உருளியும் பித்தளைக் குடமும் அரிசிச் சாக்கும் ஏறும் தட்டை 18 மி.மீ. பிளைவுட்டில் நான்கடி நீளத்துக்கு நடுத்தாங்கல் இல்லாமல் விடுவது இந்த விதியை அறியாததன் விளைவு. நடுவில் ஒரு செங்குத்துப் பலகை வைத்தால் தீர்ந்தது. மூன்றாவது உயரம். இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில் இருக்கிறது. அந்த உயரமுள்ளவரின் முழங்கை தரையிலிருந்து சுமார் 95 செ.மீ.; சமையல் மேடை அதற்கு 10 முதல் 15 செ.மீ. கீழே, அதாவது 80-க்கும் 85-க்கும் இடையில் இருந்தால் தோள் வலிக்காது. வேறு நாட்டு உடலளவில் அச்சிட்ட 90 செ.மீ. மேடையை அப்படியே வாங்குவது, நாள்தோறும் அங்கு நிற்பவரைக் கேட்காமல் எடுத்த முடிவு.

காற்றோட்டம் பேசினால் உடனே வரும் மறுப்பு தூசியும் பல்லியும் கரப்பானும். திறந்து வைத்தால் அவை வராதா? வரும், ஆகவே முழுக்கத் திறப்பதும் தீர்வாகாது. அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி, தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் கல் அல்லது எஃகு அடித்தளம், கதவின் மேலும் கீழும் நுண்வலை பதித்த சிறு துளை வரிசை: இவ்வளவு போதும். கீழே நுழையும் காற்று மேலே வெளியேறும். பூச்சி வலையில் நிற்கும். ஈரம் ஏறி இறங்கும் சுவரோடு பலகையை ஒட்டிவைத்து, கதவை இறுக மூடி, உள்ளே கற்பூர உருண்டை போடுவதால் மணம் மாறும், ஈரம் மாறாது. குளச்சல், மணக்குடி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். அங்கே சாதாரண இரும்புக் கீலும் சேனலும் விரைவில் துருப்பிடிக்கும். பழைய பெட்டகங்களில் பித்தளைப் பட்டைகளும் குமிழ்களும் இருந்ததற்கு அழகு ஒரு காரணம், துருவில்லாமை மற்றொன்று. இன்று 304 தரத் துருப்பிடிக்காத எஃகுக் கீல் அந்த வேலையைச் செய்யும். அலமாரியில் முதலில் பழுதாவது அசையும் பகுதிதான். கீலில் மிச்சம்பிடித்து லேமினேட்டில் செலவிடுவது தவறான கணக்கு.

கடைசி மறுப்பு, சுவரோடு சேர்ந்ததை எடுத்துச்செல்ல முடியாது என்பது. வாடகை வீட்டுக்காரருக்கு அது முற்றிலும் பொருந்தும். அவருக்குக் கழற்றிப் பூட்டும் தளவாடமே நல்லது. ஆனால் நிலையானது, கழற்றக்கூடியது என்ற இரண்டும் எதிரெதிர் முகாம்கள் அல்ல. மரப்பூட்டும் ஆப்பும் கொண்டு கோத்த பழைய மரவீடுகளையே முழுதாகக் கழற்றி வேறிடத்தில் நிறுத்த முடிந்திருக்கிறது. கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய மரவீடு சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், தக்ஷிணசித்ராவில் நிற்பது அதற்குச் சாட்சி. இன்றைய அலமாரியையும் ஆணியும் பசையுமாக இறுக்காமல், திருகாணியாலும் இணைப்புக் கொண்டிகளாலும் பூட்டினால், பிள்ளைகள் வளரும்போது தட்டுகளை மாற்றலாம். கெட்ட ஒரு பலகையை மட்டும் புதிதாக்கலாம். முற்றிலும் நிலையானது வேண்டுமென்றால் மரமே தேவையில்லாத வழியும் உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணியாற்றிய லாரி பேக்கர் செங்கல்லிலேயே இருக்கை, மேடை, மாடத் தட்டுகளைச் சுவரின் தொடர்ச்சியாகக் கட்டச் சொன்னார். செலவு குறையும், கரையானுக்கு அங்கே வேலையில்லை. புத்தகத்துக்கும் பாத்திரத்துக்கும் கல்தட்டு, துணிக்கும் ஆவணத்துக்கும் மரம் என்று பிரித்துக்கொள்வது குமரி மாவட்டத்துக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு.

ஆகவே வீட்டின் வரைபடம் தாளில் இருக்கும்போதே, சுவர் எழும்புவதற்கு முன்பே, சேமிப்பைப் பற்றிய பேச்சு நடக்க வேண்டும். எந்தப் பொருள், எத்தனை கிலோ, யார் எடுப்பார், எவ்வளவு அடிக்கடி, எந்தச் சுவர் நனையும் என்று ஒரு தாளில் எழுதி ஆசாரியின் கையில் கொடுத்தால், அவருடைய அனுபவம் அந்த வீட்டுக்கென்று வேலைசெய்யத் தொடங்கும். படப்புத்தகத்தைக் காட்டி இதைப்போல் செய்துகொடு என்றால், வேறு ஊரின் காற்றுக்கும் வேறு குடும்பத்தின் உடைமைக்கும் செய்ததை அவர் நகலெடுக்க நேரும். மரத்தையும் மழையையும் தலைமுறைகளாக அறிந்த கைகள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.